காகம் உட்காரும் கியர் சைக்கிள்

அத்தியாயம் 11

போன வாரம் நீலாயதாட்சி வீட்டு வராந்தாவில், இலை அசையாத மத்தியானத்தில், சைக்கிளின் முன்சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கவலைப்பட்டவர்களுக்காக முதலில் சொல்லிவிடலாம், அது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கேட்டால்தான் அந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பச்சைக் கம்பிக் கதவு போட்ட வீடு. மின்துறையில் வேலை பார்க்கும் சோமசேகரன், அவர் மனைவி நீலாயதாட்சி, இந்த வருஷம்தான் பி.காம். சேர்ந்த ஒரே மகள் காவ்யா. காவ்யாவுக்கு மலைச் சைக்கிள் பந்தயப் பைத்தியம். அரசலாற்றுப் பாலத்தை விட்டால் மேடு என்று சொல்ல எதுவுமில்லாத ஊரில் ஒரு பெண்ணுக்கு மலையேறும் சைக்கிள் எதற்கு என்று தெரு கேட்டுக் கேட்டு ஓய்ந்தாயிற்று. போன வருஷம் புதுச்சேரி அணித் தேர்வில் நாலாவதாக வந்தாள். எடுத்ததோ மூன்று பேரை. இந்த வருஷத்தோடு ஜூனியர் வயது முடிகிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

"பழசைக் கட்டி மாரடிக்காம புதுசா ஒண்ணு வாங்குங்க" என்றாள் நீலாயதாட்சி.

"ஃப்ரேம் கல்லு மாதிரி இருக்கு. சாமானை மாத்தினாப் போதும்" என்றார் சோமசேகரன்.

இரண்டு மாதம் இதே பாட்டு. கடைசியில் மூன்று வாரத்துக்கு முன் அவர் ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். உள்ளே ஹேண்டில்பார், சக்கரத்தைப் பிடித்திருக்கும், ஷாக் அப்சர்பர் வைத்த போர்க், முன்சக்கரம், பெடல்கள். புதுச்சேரி நண்பர் ஒருவர் சும்மா கொடுத்தாராம். சோமசேகரனுக்குச் சும்மா கொடுக்கும் நண்பர் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதை நம்பவே தெருவுக்கு ஒரு வாரம் பிடித்தது.

இனி, சனிக்கிழமை.

*

கார்த்திகை மழை ஒருநாள் ஓய்வெடுத்திருந்தது. நீலாயதாட்சி எள்ளுச் சாதத்தை உருட்டி மதில்மேல் வைத்துக் கூப்பிட்டாள். அந்தத் தெருக் காகங்கள் இருபது வருஷமாக அவள் கைச்சோறு தின்றவை. சனிக்கிழமையன்று அவள் கூப்பிட்டால் முதல் குரலுக்கே வரும்.

ஒரு காகம்தான் வந்தது. மதிலில் இறங்கவில்லை. சோற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு வராந்தாவுக்குள் பறந்து வந்து, அப்போதுதான் காவ்யா ஓட்டிவந்து நிறுத்திய சைக்கிளின் ஹேண்டில்பாரில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, கைப்பிடி ரப்பரை இரண்டு தட்டுத் தட்டியது. கதவைத் தட்டுகிற மாதிரி.

"போ!" என்று அவள் கரண்டியை ஓங்கினாள். காகம் போகவில்லை. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவள்தான் கரண்டியைக் கீழே இறக்கினாள்.

அந்த ஹேண்டிலும் சரியில்லை. சுவரோரமாக வடக்குப் பார்த்து எவ்வளவு நேராக நிறுத்தினாலும், திரும்பிப் பார்ப்பதற்குள் கழுத்தை மேற்கே திருப்பிக்கொண்டு நிற்கும். தரை சரிவு என்பார் சோமசேகரன். அந்தத் தரையில் இருபது வருஷமாக உருளைக்கிழங்கு கூட உருண்டதில்லை.

காவ்யா முகம் கழுவிவிட்டு வந்தாள். வேர்வையே இல்லை.

"அம்மா, இன்னைக்குப் பாலத்துல என்னா வேகம் தெரியுமா? மேட்டுல நான் அழுத்தவே இல்ல. யாரோ முதுகுல கைவெச்சுத் தள்ளிவிடுற மாதிரி இருந்துச்சு."

"யாருடி தள்ளினது?"

"மாதிரின்னுதானே சொன்னேன்?"

"மாதிரியெல்லாம் எனக்குப் புடிக்கல."

"நீ வேற. அகரன் இன்னைக்கு நல்ல குஷியில இருந்தான். அவ்வளவுதான்."

நீலாயதாட்சியின் கை சோற்றுப் பாத்திரத்திலேயே நின்றது. மகள் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் தாய்க்கும், மகள் வாயில் புதிதாக ஓர் ஆண்பிள்ளைப் பெயர் வந்தால் காது நீளும்.

"எந்த அகரன்?"

"சைக்கிள் பேரும்மா."

"சைக்கிளுக்குப் பேரா? யாரு வெச்சது?"

"நானா வெக்கல. மூணு வாரத்துக்கு முந்தி, புது ஹேண்டிலைப் புடிச்ச அன்னைக்கே தானா வாயில வந்துச்சு."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த கமர் நிஷாவுக்கு இந்த ஒரு பெயர் போதும். "யாருக்கா அகரன்? காலேஜுப் பையனா?" என்று கேட்டாள். கொடியில் போடவேண்டிய துணி அவள் தோளிலேயே கிடந்தது.

"சைக்கிளாம்" என்றாள் நீலாயதாட்சி.

"எங்க கொழுந்தன் மவளும் முதல்ல அப்படித்தான் சொன்னா. அப்புறம் அந்தச் சைக்கிள் பொண்ணு கேட்டு வந்துச்சு."

காவ்யா சிரித்துக்கொண்டே தலைவாரப் போனாள். போகிறபோது தாயின் முந்தானையில் கையைத் துடைத்தாள். "கைப்பிடி ரப்பர் கசியுதும்மா. ஒரே எண்ணெய்."

நீலாயதாட்சி முந்தானையை முகர்ந்து பார்த்தாள். சைக்கிள் எண்ணெய் இல்லை. நல்லெண்ணெய். அடுப்பங்கரை நல்லெண்ணெயும் இல்லை. உச்சந்தலையில் வைத்து, உடம்பெல்லாம் வழித்து, வெயிலில் நின்றால் ஒரு வாடை வருமே, அது. யாரோ ஒருவர் உடம்பில் இருந்துவிட்டு வந்த எண்ணெய்.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க, இந்தச் சைக்கிள்ல அவளை நாளைக்கு அனுப்ப மாட்டேன்."

"ஏன், என்னா கேடு? நேரத்துல எவ்வளவு கொறைச்சிருக்கா பாரு."

"அதான் பயமா இருக்கு. நல்லெண்ணெய் வாடை அடிக்குது அதுல."

சோமசேகரன் பேப்பரைப் புரட்டினார். ஏற்கெனவே படித்த பக்கத்துக்கே புரட்டினார். அதை நீலாயதாட்சி பார்த்துவிட்டாள்.

*

காவ்யா போட்டிப் படிவத்துக்குக் கல்லூரியில் கையெழுத்து வாங்கப் போன நேரம் பார்த்து நீலாயதாட்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். மதார் சாகிப்பின் சைக்கிள் கடை திருநள்ளாறு ரோட்டில் இருக்கிறது. சாக்கு மூட்டைச் சாமானையெல்லாம் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

தெருவைக் கடக்கும் வரையில் சைக்கிள் முரண்டு பிடித்தது. திருநள்ளாறு ரோட்டில் மேற்கே திரும்பியதும், அவள் தள்ளவேண்டிய வேலையே இருக்கவில்லை. அதுதான் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. எதிரில் வந்தவர்கள் எல்லாம், நாற்பது வயதுக்கு மேல் இந்த அம்மாளுக்கு என்ன சைக்கிள் ஓட்டம் என்று பார்த்தார்கள். அவள் ஓடத்தான் செய்தாள்.

"வாங்க தங்கச்சி. பிரேக்கா?" என்றார் மதார் சாகிப்.

"கைப்பிடி எண்ணெய் கசியுது பாய். கழட்டிப் பாருங்க. மூணு வாரத்துக்கு முந்தி போட்ட சாமானையெல்லாம் கழட்டிப் பாருங்க."

"கைப்பிடியில எண்ணெய் எங்கேருந்து வரும்? அங்க எண்ணெய் விடுற ஓட்டையே கெடையாது" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலையை ஆரம்பித்தார். முன்சக்கரம் வந்தது. பெடல்கள் இரண்டும் வந்தன. இரண்டாவது பெடலைக் கழற்றிக் கீழே வைத்தபோது கடைக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. அவள் அதைப் பார்த்தது சோறு வடிக்கவேண்டுமே என்ற நினைப்பில்.

பிறகு கைப்பிடி ரப்பரைப் பிடித்து முறுக்கி உருவினார். குழாய்க்குள்ளே ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. கம்பியால் நெம்பினார். விரல் நீளத்துக்கு ஒரு துணி முடிச்சும் அதோடு ஒட்டிய ஒரு காகிதச் சுருளும் வழுக்கிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தன.

கறுப்புத் துணியில் எள்ளு முடிச்சு. எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எண்ணெயில் ஊறிய எள் முளைக்காது என்பது சமைக்கிற எவருக்கும் தெரியும். இது முளைத்திருந்தது. துணியைப் பொத்துக்கொண்டு, வெளிச்சமே பார்க்காத வெள்ளை முளைகள், நூறு இருநூறு, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மதார் சாகிப் முடிச்சைப் பழைய டயர் ஒன்றின்மேல் வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"தங்கச்சி, இந்தச் சாமான் எங்கேருந்து வந்துச்சு?"

"உங்ககிட்ட என்னா சொன்னாரு?"

"புதுச்சேரி ஃபிரெண்டுன்னாரு."

"எங்கிட்டயும் அதேதான்."

"இங்கேருந்து முப்பது வருஷமா திருநள்ளாறு போற சனத்துக்கெல்லாம் காத்து அடிச்சு விடறேன். தலையில எண்ணெய் வெச்சுக்கிட்டுக் குளத்துல முழுவுவாங்க. உடுத்தின துணியை அங்கயே வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாங்க. அதை இந்த ரோட்டுல சின்னப் புள்ளகூடத் தொடாது. உங்க சாமிக்கும் எனக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் இல்ல. ஆனா அடுத்தவன் இறக்கி வெச்சதைத் தூக்கி மாட்டுற வேலை எனக்கு வேணாம்." சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்தார். "அவரை வரச்சொல்றேன்."

சோமசேகரன் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார். முடிச்சைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சனிப்பெயர்ச்சி சமயத்துல குளக்கரையில லைட்டு வேலைக்குப் போயிருந்தேன்ல... ஒரு கியர் சைக்கிள் சாத்தி வெச்சிருந்துச்சு. மூணு நாள் யாரும் தொடல. துணி அள்ற ஆளுகூட அதைச் சுத்திக்கிட்டுப் போனான். அவ்வளவு நல்ல போர்க்கு நீலா. நம்ம புள்ள அதுக்குத்தான் ஏங்கிக்கிட்டிருந்தா."

"எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க."

"முழுச் சைக்கிளையுமா எடுத்தேன்?" அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "முழுசா எடுத்தாத்தானே தோஷம்? ஃப்ரேமை அங்கயே வுட்டுட்டேன். பின்சக்கரத்தையும் வுட்டுட்டேன். வெறும் சாமான்தானே?"

இருபது வருஷமாக மின்துறையில் கணக்காக ஒயர் இழுத்த மனிதர். சனி பகவானுக்கும் உதிரி பாகத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஸ்பேனரை வைத்து முடிவு செய்திருக்கிறார். இரண்டு மாதம் ஆபீஸ் ஷெட்டில் ஒளித்து வைத்திருந்ததாகவும் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் எதற்கு ஒளிக்க வேண்டும் என்று நீலாயதாட்சி கேட்கவில்லை. அவள் முடிச்சோடு வந்த காகிதச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய்க் காகிதம். அர்ச்சனைக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி மூன்று வரி.

அகரன்.
அஸ்தம்.
கன்னி ராசி.

நீலாயதாட்சிக்கு இப்போது அது காலேஜுப் பையனாகவே இருந்துவிடக்கூடாதா என்று இருந்தது.

"நீங்க இந்தச் சீட்டைப் பாத்தீங்களா? காவ்யாகிட்ட சொன்னீங்களா?"

"உள்ள ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது நீலா."

"என்னம்மா எல்லாரும் இங்க இருக்கீங்க?" வாசலில் காவ்யா நின்றாள். கமர் நிஷா சொல்லியனுப்பாமல் வேறு யார் சொல்லியிருப்பார்கள்? நாலு துண்டாகக் கிடந்த சைக்கிளைப் பார்த்ததும் அவள் முகம் செத்தது. "நாலு மணிக்குப் பஸ்ஸு! என்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

நீலாயதாட்சி சீட்டை நீட்டினாள். காவ்யா படித்தாள். சோமசேகரன் நடந்ததைச் சொன்னார், இந்தத் தடவை 'வெறும் சாமான்' என்ற வார்த்தை இல்லாமல். கடைசியில், "அந்தப் பழைய போர்க்கைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்மா. நாளைக்கு வேணாம். அடுத்த மாசமே புதுசு வாங்கித் தர்றேன், நீ கேட்ட அதே சைக்கிளு" என்றார்.

"அடுத்த மாசம் வாங்கி எதுக்குப்பா? துணி காயப்போடவா?"

பிறகு அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதோ லாட்ஜு ரசீது. கும்பகோணத்துப் பக்கம் ஒரு விலாசம். ஒரு செல்போன் நம்பர்.

"அர்ச்சனை உசிரோட இருக்கறவங்களுக்குத்தானேம்மா பண்ணுவாங்க?" என்றாள்.

நீலாயதாட்சி கணவனின் செல்போனைப் பிடுங்கினாள்.

*

ஐந்தாவது மணியில் எடுத்தது ஒரு பெண் குரல். காசியம்மா என்றாள். அகரனின் அம்மா.

"நான் காரைக்கால்லேருந்து பேசறங்க. நீங்க குளத்தங்கரையில ஒரு சைக்கிள் வுட்டுட்டுப் போனீங்களே..."

"ஆமாங்க" என்றாள் காசியம்மா.

"தப்பு எங்களுதுதாங்க. எங்க வூட்டுக்காரரு முன்பாதியைக் கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. திருப்பிக் கொண்டாந்து அதே எடத்துல..."

"மாட்டினது எப்பங்க?"

"என்னாது?"

"மாட்டி ஓட்ட ஆரமிச்சது எப்ப?"

"மூணு வாரம் ஆச்சுங்க."

காசியம்மா அழுவதைப்போல ஒரு சத்தம். அல்லது சிரிப்பதைப்போல. "எம் புள்ள விழுந்து பத்து மாசம். கண்ணு தொறக்கல, கை காலு அசையல. ஒருத்தரு சொன்னாங்கன்னுதான் அந்தச் சைக்கிளைக் கொண்டாந்து வுட்டோம். ஹேண்டில்ல முடிச்சைத் திணிச்சதும் நாங்கதான். இப்ப மூணு வாரமா காலையில அஞ்சு மணிக்கு அவன் கால் ரெண்டும் அசையுதுங்க. மிதிக்கிற மாதிரி. ஒரு மணி நேரம் மிதிப்பான். சாயங்காலமும் மிதிப்பான். டாக்டருக்கே புரியல."

காலை ஐந்து மணிக்குத்தான் காவ்யா பாலத்துக்குப் போவாள்.

"ஆனா இன்னைக்கு மத்தியானம் கால் கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, யாரோ தள்ளிக்கிட்டுப் போற மாதிரி. பன்னெண்டரை மணிக்கு நின்னுபோச்சு. பாதம் சில்லுன்னு ஆயிடுச்சுங்க. அக்கா, நீங்க யாரோ எவரோ... அதைக் கழட்டிட்டீங்களா?"

நீலாயதாட்சி கடிகாரத்தைப் பார்த்தாள். கீழே கிடந்த பெடல்களைப் பார்த்தாள். பிறகு மகளை. காவ்யா பக்கத்தில் காதை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"நான் மிதிக்கிறேம்மா" என்றாள் காவ்யா. இதுவரை தாயிடம் எதையும் அவ்வளவு மெதுவாகக் கேட்டவளில்லை.

புதுசு வேண்டும், புதுசு வேண்டும் என்று இரண்டு மாதம் மன்றாடியவள் நீலாயதாட்சி. புதுசு வாங்கித் தருகிறேன் என்று கணவன் வாயாலேயே இன்றைக்கு வந்தும்விட்டது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மாட்டுங்க பாய்."

"தங்கச்சி..."

"முடிச்சையும் இருந்த எடத்துலயே வெச்சு மாட்டுங்க."

மதார் சாகிப் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே மாட்டினார். இரண்டாவது பெடலை அவர் முடுக்கியதும், காவ்யா ஸ்டாண்டில் வைத்தே ஒரு சுற்றுச் சுற்றினாள். செல்போனில், தூரத்தில், ஓர் இரும்புக் கட்டில் கிரீச் என்றது. அடுத்த சுற்று. கிரீச். காசியம்மா மகன் பெயரைச் சொல்லிக் கத்தியது கடைக்கு வெளியேகூடக் கேட்டது.

*

நாலு மணிப் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கட்டியாயிற்று. காவ்யா ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். சோமசேகரன் பிஸ்கட் வாங்கப் போனார். குற்றம் செய்த ஆம்பிளைகள் பஸ் ஸ்டாண்டில் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். நீலாயதாட்சி கையிலிருந்த அவர் செல்போன் அடித்தது. காசியம்மா.

"இன்னும் மிதிக்கிறான் அக்கா. சிரிச்ச மாதிரிகூட இருக்கு. உங்க பொண்ணு ஓட்டிக்கிட்டே இருக்காளா?"

நீலாயதாட்சி அண்ணாந்து பார்த்தாள். கூரையில் பெடல்கள் அசையாமல் கிடந்தன. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இல்லங்களே" என்றாள். "நாளைக்குத்தான் போட்டி."

"போட்டியா? எங்கங்க?"

"புதுச்சேரிக்கு அந்தண்ட. ஏதோ செம்மண் பள்ளமாம், எறக்கமாம்."

கட்டில் சத்தம் வேகமெடுத்தது. கிரீச், கிரீச், கிரீச். அதற்கு நடுவே காசியம்மாவின் குரல், எழும்பவே மாட்டாத குரலாக வந்தது.

"அங்கதாங்க அவன் விழுந்தது."

கட்டில் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ இறங்கிப் போய்விட்ட மாதிரி. "அகரா!" என்றாள் காசியம்மா. லைன் அறுந்துவிட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். நீலாயதாட்சியிடம் பை இல்லை, மாற்றுச் சேலை இல்லை, அடுப்பில் உலை வைத்தோமா என்பதுகூட நினைவில்லை. ஏறி, மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை நல்லெண்ணெய் மணத்தது.

"என்னம்மா, நீயும் வர்றியா?"

"பேசாம உக்காரு."

கண்டக்டர் வந்தார். "புதுச்சேரி ரெண்டு, சைக்கிளுக்கு லக்கேஜு ஒண்ணு" என்றாள் நீலாயதாட்சி.

அவர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகாமல் நின்றார்.

"சரிம்மா. மேல சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு ஒரு தம்பி உக்காந்திருக்கே, அதுக்கு யாரு எடுக்கறது?"